கண்மணி விரியாத லஸ்த்ரி

மத்திய ஜாவாவில் ஒரு வட்டார அலுவலகம். அங்கே தற்காலிக ஊழியர்களில் ஒருவரை மட்டும் நிரந்தரம் செய்ய மேலிடம் மனமுவந்து தீர்மானித்தது. யாருக்குக் கவனமும் நினைவாற்றலும் அதிகமோ, அவரை. அளக்க ஒரு கருவியும் வந்து இறங்கியது. மூளை சிரமப்பட்டால் கண்மணி விரியுமாம். ஆகவே விரிந்தால் கவனம், விரியாவிட்டால் கவனமில்லை. சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

ஆவண அறை லஸ்த்ரி பதினோரு வருஷமாகத் தற்காலிகம். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சோதனையில் ஏழு எண்களை வாசித்தார்கள். அப்படியே ஒப்பித்தாள். யாரும் கேட்காமலே தலைகீழாகவும் ஒப்பித்தாள்.

அதிகாரி ஹர்தோயோ திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"விடையெல்லாம் சரிம்மா. ஆனா நீ கவனிச்சதுக்கு ஆதாரம் இல்லியே."

"கவனிக்காம எப்படி ஐயா சொன்னேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? உன் கண்மணி மூணு மில்லிமீட்டரைத் தாண்டல. தபால் பிரிக்கிற சுகெங்கைப் பாரு. ஒரு எண்கூடச் சரியில்ல. கண்மணி ஆறு. பிள்ளை என்னமா உழைச்சிருக்கான்."

மறுசோதனை ஒரே ஒரு முறைதான். அதிலும் தோற்றால் இன்னொரு பதினோரு வருஷம். மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சுகெங்குக்கே மனசு கேட்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு அது சுலபம். அதான் வினை. அவங்க வாசிக்கிறப்ப மனசுக்குள்ள பெருக்கல் கணக்கு போடுங்க."

"எண்ணெல்லாம் மறந்துடுமேடா."

"மறந்தா என்ன? நானும் மறந்துதானே முதல்ல வந்தேன்."

மறுசோதனையில் லஸ்த்ரி 347ஐ 89ஆல் பெருக்கினாள். 30,883 வந்தது. அவர்கள் வாசித்த எண்களில் ஒன்றுகூட வரவில்லை. கண்மணி ஆறரை.

ஹர்தோயோ எழுந்து நின்று கை கொடுத்தார். "இப்பதாம்மா நீ சர்க்கார் வேலைக்குத் தகுதி."

நிரந்தர ஆணையோடு அவளை மக்கள் குறைதீர் சாளரத்தில் உட்காரவைத்தார்கள், கருவியும் பக்கத்தில். முதல் நாள் ஒருவர் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தார். பள்ளிச் சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி. எல்லாக் காகிதத்தையும் வரிசையாக அடுக்கி நீட்டினார்.

லஸ்த்ரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கருவியை அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே. ஆனா கண்மணி மூணுலயே நிக்குது. நீங்க இன்னும் சிரமப்படல. ரெண்டு ஆபீஸ் அலைஞ்சுட்டு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் கண்ணை அகல விரித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.