வீட்டு நாய்தான், டாக்டர்

“தெரு நாயா, வீட்டு நாயா?” என்று டாக்டர் கேட்டார்.

“வீட்டு நாய்தான், டாக்டர்” என்று தையல்காரரும் குழந்தையின் அம்மாவும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

தையல்காரர் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் போலத் தலைகுனிந்து நின்றார். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கடிபட்டவள் பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் மகள், இரண்டாம் வகுப்பு. தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், வேலியில் இருந்த இடைவெளி வழியாகத் தையல்காரரின் பின்வாசலுக்கு வந்திருக்கிறாள். அங்கே அவர் பொத்தான் என்று கூப்பிடும் நாய் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. வாலு போய் அதன் வாலைப் பிடித்து இழுக்க, அது வெடுக்கென்று திரும்பி அவள் கையில் பல்லைப் பதித்துவிட்டது.

சத்தம் கேட்டு மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர் அவர்தான். குழாயடியில் உட்கார்த்தி, அழ அழச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் அம்மாவுக்குப் போன் பண்ணியவரும் அவர்தான். அந்தம்மா கையில் மாவோடு வந்து சேர்ந்தாள். வந்தவள் தன்னைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ, “நீங்க மட்டும் இல்லைன்னா என்ன ஆயிருக்கும் அண்ணா” என்றாள்.

டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். “நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?”

தையல்காரர் அளவு நாடாவின் நுனியைச் சுருட்டினார். பொத்தானுக்கு ஊசி போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள், “போட்டிருக்கு டாக்டர். போன வருஷம்கூடப் போட்டது” என்று அந்தம்மா கண் இமைக்காமல் சொன்னாள்.

அவர் அசந்துபோனார். பெற்ற பெண் கடிபட்டு உட்கார்ந்திருக்கும்போதும், பக்கத்து வீட்டுக்காரனின் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாளே. ஆனாலும் விளையாட்டுக் காரியமில்லை என்பதால், அவள் மருந்து வாங்கப் போனதும் டாக்டரின் காதோரம் குனிந்து, ஊசி போட்ட விஷயம் சந்தேகம்தான் என்றார். போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைக்கு ஊசி உண்டு என்றார் டாக்டர். நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கண்காணிக்க வேண்டும், குழந்தை பக்கத்தில் போகக் கூடாது.

“என் வீட்லயே கட்டிப்போட்டுப் பாத்துக்கறேன்” என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார்.

“உங்களுக்கு எதுக்கு அண்ணா இந்தச் சிரமம்?” என்றாள் மருந்தோடு திரும்பி வந்த அந்தம்மா.

“நான் பாக்காம வேற யாரும்மா பாக்கறது?”

அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், மருந்துக் கடையில் வேலை முடித்து வந்திருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். குழந்தைக்குப் பயமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, அவள் நேராகக் கட்சி மாறிவிட்டாள்.

“வாலைப் புடிச்சு இழுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?”

“எனக்கு வால் இல்லையே.”

“அதனாலதான் தப்பிச்சீங்க.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளையில்லாத வீடு. இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரத்தில், மூக்கு மட்டும் கோட்டுப் பொத்தான் போலப் பளபளக்கிற ஒரு பழுப்பு நாய் பின்வாசலில் வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு துண்டு ரொட்டி போட்டாள். அன்றிலிருந்து பகல் முழுக்கத் தையல் மெஷினுக்கு அடியில்தான் அதன் வாசம். சாயங்காலமானால் காலாறக் கிளம்பிவிடும். வயசுப் பிள்ளை, நாலு இடம் சுற்றத்தானே செய்யும் என்று இருவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். காலையில் டாணென்று வந்துவிடும்.

இப்போது அது பின்வாசல் தூணில் கட்டப்பட்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் வேலிப் பக்கம் பார்த்து ஓர் ஊளை கிளம்பியது. அது விடிகிறவரை ஓயவில்லை.

“செஞ்ச தப்பை நினைச்சு அழுவுது” என்றார் தையல்காரர்.

“கட்டிப்போட்டா யாருதான் அழமாட்டாங்க” என்றாள் மனைவி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் ஒருவர் இருந்தார். வேலையிலிருந்துதான் ஓய்வு, அதிகாரத்திலிருந்து இல்லை. மறுநாள் காலையிலேயே வாசலில் வந்து நின்று, இன்னொரு ராத்திரி இப்படிப் போனால் தெருவையே கூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊளை வெளியே கேட்காமல் இருக்க, தையல்காரர் நாயைத் தன் தையல் கடை அறைக்குள் கட்டி ஜன்னலைச் சாத்தினார். சத்தம் உண்மையிலேயே நின்றது. வாய்க்கு வேலை கிடைத்தால் சத்தம் எப்படி வரும்? காலையில் பார்த்தால் இடுப்புப் பிடிக்கக் கொடுத்திருந்த ஒரு பேன்ட்டின் வலது கால், முழங்காலுக்குக் கீழே காணோம். பேன்ட் ஹெட்கிளார்க்குடையது.

அரை டிராயராக வெட்டித் தருகிறேன், வெயிலுக்கு நன்றாக இருக்கும் என்று தையல்காரர் சொல்லிப் பார்த்தார். ஹெட்கிளார்க் பேன்ட்டின் மிச்சத்தைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார்.

“இன்னிக்கு பேன்ட். நாளைக்கு அதுக்குள்ள இருக்கற கால். கடிச்சு ருசி கண்ட நாய்யா இது. பாவம், அந்த டிரைவர் வீட்ல வாயில்லாப் பூச்சிங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்கதான் புரிஞ்சுக்கணும்.”

அந்தக் கடைசி வார்த்தை தையல்காரரின் மனதில் முள்ளாகத் தைத்தது.

அன்றே உட்கார்ந்து நாய்க்கு ஒரு வாய்மூடி தைத்தார். மூக்கு நீளம், தாடைச் சுற்றளவு எல்லாம் எடுத்து, உள்ளே மெத்தென்று லைனிங் கொடுத்து, காதுக்குப் பின்னால் இரண்டு கொக்கி. பொத்தான் அசையாமல் அளவு கொடுத்தது. அவர் தைத்ததில் குறை சொல்லாத முதல் வாடிக்கையாளர் அதுதான். மாலைக்குள் தின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து டிரைவரே வந்தார். பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவர், ஆனால் ஆள் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. நாயைப் பார்த்தார். நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு அவர்மேல் பாயப் பார்த்தது. தையல்காரர் பாய்ந்து குறுக்கே நின்றுகொண்டார்.

“தப்பு எங்க மேலதான் டெய்லர் சார்” என்றார் டிரைவர். “நாங்க ரெண்டு பேரும் விடிஞ்சதும் வேலைக்கு ஓடிடறோம். சரியா கவனிக்காம விட்டுட்டோம்.”

“ஐயோ, பச்சைப் புள்ளை சார் அது. அதுக்கு என்ன தெரியும்?”

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுதான். இருந்தாலும் உங்க துணியெல்லாம் கடிச்சு வச்சிடுச்சாமே. ராத்திரி மட்டும் நாங்க எங்க வீட்ல கட்டிக்கறோமே?”

தன் மகளைக் கடித்த நாயைத் தன் வீட்டிலேயே கட்டிக்கொள்ள முன்வருகிற மனிதனைத் தையல்காரர் கேள்விப்பட்டதுகூட இல்லை. கடிபட்ட குழந்தை இருக்கிற இடத்தில் அது கூடவே கூடாது, என்ன நஷ்டமானாலும் தன்னோடு போகட்டும் என்று டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துச் சொன்னார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, எச்சிலை விழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு காட்சியைக் கவனித்தார். பேக்கரியிலிருந்து வந்ததும் அந்தம்மா வேலியோரம் நின்று நாயையே பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு. வாலு எட்டிப் பார்த்தால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஹெட்கிளார்க் சொன்னது சரிதான். பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு, மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

பத்து நாளும் முடிந்தன. கால்நடை டாக்டர் நாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். அன்று மாலையே தையல்காரர் மனைவியிடம் தன் முடிவைச் சொன்னார். ஊருக்கு வெளியே அவள் தம்பி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறான். பொத்தான் இனிமேல் அங்கே இருக்கட்டும்.

“அதுக்குப் பதிலா என்னை அனுப்புங்க” என்றாள் அவள்.

“நமக்கு ஒரு குழந்தை இருந்து, அதைப் பக்கத்து வீட்டு நாய் கடிச்சிருந்தா என்ன நினைப்போம்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்தாள். யோசித்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாள் காலை மச்சான் வேனைக் கொண்டுவந்தபோது, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, மெஷினுக்கு அடியில் கிடந்த கந்தல் மெத்தையையும் வேனில் தூக்கிப் போட்டாள். வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பின் கண்ணாடியில் ஒரு மூக்கு பளபளத்தது. தையல்காரர் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தார்.

சாயங்காலம் டிரைவர் வீட்டில் விளக்கு எரிந்ததும், வாலுவுக்கென்று தைத்து வைத்திருந்த பூப்போட்ட பாவாடை சட்டையை எடுத்துக்கொண்டு போனார். மனைவியும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தாள். முன்னறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வாலு கையில் சின்னத் தழும்போடு தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்” என்று ஆரம்பித்தார் தையல்காரர். “நாயை அனுப்பிட்டேன்.”



“எங்க?” என்றார் டிரைவர்.

“என் மச்சானோட பண்ணைக்கு. ரொம்பத் தூரம். திரும்பி வர வழி தெரியாது.”

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்த பயம் இப்போதுதான் இறங்குகிறது என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்” என்றார் டிரைவர். அவருடைய குரல் வழக்கத்தைவிடவும் இறங்கியிருந்தது.

“சொன்னா வேண்டாம்னுதானே சொல்லுவீங்க?”

“ஆமா” என்றார் டிரைவர். “வேண்டாம்னுதான் சொல்லியிருப்போம்.”

“உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா? அதனாலதான் நீங்க வேலைக்குப் போன நேரமாப் பாத்து அனுப்பினேன்” என்றார் தையல்காரர். சொல்லும்போதே அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் மனைவி விம்மினாள். எதிரே அந்தம்மா விம்மினாள். டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நாலு பேர் ஒருவருக்காக ஒருவர் உருகுகிற தெருவில் குடியிருப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தையல்காரருக்குத் தோன்றியது.

வாலு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, எங்க நாயை எப்ப எங்களுக்குத் திருப்பித் தருவீங்க?”