நெருப்புக்குப் பயந்த கரிக்கடை நைனா

செஞ்சியிலேயே நெருப்புக்கு அதிகமாகப் பயந்த ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: கரிக்கடை நைனா. கரி விற்றே காலம் தள்ளிய அந்த மனுஷர் ஒரு தீக்குச்சி கிழித்து யாரும் பார்த்ததில்லை.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. உள்ளே கூரை வரைக்கும் கரி மூட்டை. வாசலில் பெட்ரோல் பங்க் மாதிரி நாலு சிவப்பு வாளி, நாலிலும் மணல். தொட்டித் தண்ணீரில் எந்நேரமும் கோணிப்பை ஊறிக்கொண்டிருக்கும். சாமி படத்துக்கு விளக்கு கிடையாது, ஊதுபத்தி கிடையாது. சின்ன சீரியல் பல்பு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். பீடியோடு யாராவது சந்துக்குள் நுழைந்தால் வாளியோடு எழுந்துவிடுவார். திருவண்ணாமலையில் தீபம் ஏற்றுகிற அன்று, இங்கே செஞ்சியில் கடையைச் சாத்திவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

இஸ்திரி வண்டிக்காரர் தினமும் கரி வாங்குகிறவர். அவருக்கும் தினமும் விசாரணை உண்டு.

"எங்க வெச்சி பத்த வைப்ப?"

"வண்டியிலதான் நைனா."

"வண்டி எங்க நிக்குது?"

"நேத்து நின்ன எடத்துலதான்."

"நேத்து காத்து வேற, இன்னிக்கு காத்து வேற. போய் பாத்துட்டு வந்து சொல்லு."

ஊரே சிரிக்கும். நான் சிரித்ததில்லை. கேஸ் அடுப்பையே நான் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பற்றவைக்கிறேன்.

அப்படிப்பட்டவரிடம் நானே போய் நிற்கும்படி ஆனது என் மகன் ஏழுமலையின் வாயால். அவன் மாமியார் வீட்டு விருந்தில், இருபது பேர் முன்னால், "கொழம்பு நெறைய இருக்குது, கோழிதான் லீவு போட்டுருக்குது" என்று சொல்லிவிட்டான். என் மருமகள் செல்வி அன்றைக்கு அவனோடு திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு அவள் அண்ணன் ஏழுமலைக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வரேன். ஊடு ஊடு மாதிரி இருந்தா உட்டுட்டு வருவேன். இல்லன்னா சாயங்கால பஸ்ஸுல திரும்ப கூட்டிட்டு போய்டுவேன். அப்பறம் போன் பண்ணாத."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழுமலைக்கோ ஒரே யோசனைதான். அந்த அண்ணனுக்குச் சுட்ட கோழி என்றால் உயிர். "தோட்டத்துலயே கரி போட்டு சுட்டுடலாம்மா. செல்லுல பாத்துட்டேன், ஈசி" என்றான். எங்கள் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்காரருடைய வைக்கோல் போர் வீடு உயரத்துக்கு நிற்கிறது. அவனைத் தனியாக அனுப்பினால் நைனாவிடமும் வாயைக் கொடுப்பான் என்று நானும் கூடப் போனேன்.

நைனா கரியை அள்ளிக்கொண்டே கேட்டார். "தோட்டத்துக்குப் பின்னால இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல" என்றான் ஏழுமலை.

"வைக்கப்போரு" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வேற்று ஆம்பிளையிடம் கடையில் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அள்ளிய கரியை அப்படியே மூட்டையில் கொட்டிவிட்டார். "கரி இல்ல."

"இம்மாம் மூட்டை இருக்குதே!"

"இருக்குது. ஒனக்கு இல்ல."

மருமகள் திரும்பி வருகிற விஷயத்தை நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். நைனா வாசல் வாளிகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். "சரிம்மா. நான் வந்து நின்னாதான் கரி. இல்லன்னா கெடையாது."

பிறகு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். இரண்டு கரியைக் காதோரம் வைத்துத் தட்டுவார். கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் வந்தால் நல்ல கரி. மொத்தென்று கேட்டால் உள்ளே வேகாத கட்டை, புகையும். சிலதை நாக்கு நுனியில் வைப்பார். ஒட்டிக்கொண்டால் காய்ந்தது. ஒட்டாவிட்டால் ஈரம், வெடிக்கும். "இது பொகையும். இது வெடிக்கும். இது பாக்கறதே சரியில்ல" என்று தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வாயெல்லாம் கறுப்பு, எங்கள் பையில் அரைப் பை கரி.

ஞாயிற்றுக்கிழமை காலை நைனா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே நாலு வாளி மணல், ஊறிய கோணிப்பை, அளக்கக் கயிறு. ஏழுமலை அதற்குள் துணி துவைக்கிற கல்லின்மேல் செங்கல் அடுக்கி, கம்பி வலை வைத்துத் தயாராக நின்றான். வைக்கோல் போருக்கு எவ்வளவு தூரம் என்று நைனா கயிற்றால் அளந்தார். மண்ணைத் தூவிக் காற்று பார்த்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். நைலான் சட்டையைக் கழற்று. கொடியில் இருக்கிற சேலையை எடு. பூனையை உள்ளே கட்டு. காக்காவை விரட்டு, அது கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். நாற்பது சொல்லியிருப்பார். நாற்பத்தொன்றாவதாக, "கல்லு மேல வேணாம்பா. தெனம் தண்ணி குடிச்ச கல்லு. பாற ஒடைக்கறவன் இன்னா பண்றான்? மேல நெருப்ப மூட்டித்தான வெடிக்க வைக்கறான்?" என்றார்.

"நைனா, ஊரே கல்லு மேலதான் இருக்குது. கோட்டையே கல்லு மேல நிக்குது. வெடிச்சிதா இன்னா?"

செஞ்சிக்காரர்களான எங்களுக்குக் கல் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. நானும் வாயைத் திறக்கவில்லை. காக்காவுக்குப் பயந்தவர்தானே இதற்கும் பயப்படுகிறார் என்று இருந்துவிட்டேன்.

ஏழுமலை தேங்காய் நாரைச் சுருட்டி வைத்து, கற்பூரம் போட்டு, கரியைப் புற்று மாதிரி குவித்துப் பற்றவைத்தான். நைனா கொய்யா மரத்துக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றே உத்தரவு போட்டார்.

"மெதுவா விசிறு. செவப்பு வந்துச்சா?"

"கண்ணத் தொறந்து பாருங்க நைனா."

"நீ சொல்லு, நான் நம்பறேன். மேல வெள்ளையா சாம்பல் பூக்கட்டும். அப்பறந்தான் கோழி."

சாம்பல் பூத்தது. கோழி ஏறியது. கொழுப்புச் சொட்டி வாசனை எழும்பியபோது செல்வியும் அண்ணனும் தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். அவள் பை அண்ணன் கையிலேயே இருந்தது. என் கண் அந்தப் பையிலேயே இருந்தது. வாசனை பிடித்து அவர் முகம் கொஞ்சம் இளகியது. பையைக் கீழே வைத்தார்.

அந்த நிமிஷம் டமார் என்று ஒரு சத்தம். கல்லின் மேல்பட்டை தோசை மாதிரி பெயர்ந்து பறந்தது. கோழி ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம். தணல் மழையாகக் கொட்டியது.

எல்லோரும் ஓடினோம். பொய் சொல்ல மாட்டேன், முதலில் ஓடியது நான்தான். செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனால், அங்கே அவள் அண்ணன் எங்களுக்கு முன்னால் நிற்கிறார். முதலில் ஓடிய என்னை அவர் எப்போது முந்தினாரோ தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போரில் ஒரு கோடு புகை எழும்பியது. போர் பிடித்தால் மாட்டுக்கொட்டாய், கொட்டாய் பிடித்தால் தெரு.

நைனாவும் ஓடிக்கொண்டிருந்தார். பயத்தில் திசை தெரியாமல் புகையைப் பார்த்து ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். "ஐயோ, யம்மா, செத்தேன், செத்தேன்" என்று கத்திக்கொண்டே கோணிப்பையோடு சுவரேறிக் குதித்தார். புகைந்த இடத்தில் அடித்தார். புகையாத இடத்திலும் அடித்தார். ஏழுமலையிடம் மணல் வாளியைக் கேட்டு வாங்கிக் கொட்டினார். திரும்பி வந்தவர், என்ன ஆயிற்று என்று வெளியே எட்டிப் பார்த்த அண்ணனின் தோளில் ஒரு பொறி மின்னுவதைக் கண்டு, அவரையும் ஈரக் கோணியால் முதுகில் நாலு சாத்து சாத்தினார்.

வைக்கோலில் முறம் அகலத்துக்குக் கறுப்பு. அவ்வளவுதான்.

நனைந்த சட்டையோடு அண்ணன் பையைத் தூக்கினார். "வா செல்வி, போவலாம்."

செல்வி உடைந்த கல்லைப் பார்த்தாள். கரி பூசிய முகத்தோடு, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"எங்கண்ணா போறது? இந்த ஆள இப்டியே உட்டுட்டு போனா அடுத்த வாரம் ஊட்டையே கொளுத்திடும். எனக்கு பயமா இருக்குது. நீ போ." பையை வாங்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தாள்.

"செல்வி, அந்தக் கொழம்பு..." என்று ஏழுமலை ஆரம்பித்தான்.

"வாயத் தொறந்த, பாத்துக்க."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நைனாவைத் தேடினேன். கிணற்றடியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, அணைஞ்சி போச்சி, இன்னும் பயமா?" என்று ஏழுமலை சிரித்தான்.

"ஓடறப்பவும் பயந்தான்பா. அப்ப நடுங்க டைம் இல்ல."

செல்வி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கை ஆடிய ஆட்டத்தில் பாதி டீ வேட்டியில் கொட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை வாங்கினேன். ஊதி ஊதி ஆற்றி அவர் வாயருகே பிடித்தேன்.

டம்ளரையே பார்த்தார். "சூடு பாத்தியாம்மா?"

"ஆறிப்போச்சு நைனா. நான் புடிச்சிக்கறேன், நீங்க குடிங்க" என்றேன்.