ஆளில்லாத ஒப்பாரி

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது அடைக்கும், அடுத்து புத்தி அடைக்கும். கால் மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். எங்கள் தோட்டத்துக்குச் சீமையிலிருந்து சபைக்காரர்கள் வந்த அன்று மூன்றும் ஒன்றாக நடந்தன. மற்றவர்கள் கைகால் வைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே நான் புதுக் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்ப்பதாக நினைத்துக்கொண்டு அவர்களால் மேய்க்கப்பட்டவன். அப்பா தோட்டத்துச் சிறு தேவாலயத்தில் உபதேசியார். எங்கள் சபைக்கும் இங்கிலாந்தில் ஒரு சபைக்கும் தோழமை. கிறிஸ்துமசுக்குப் பழைய கம்பளிச் சட்டைகள் அனுப்புவார்கள். அந்த வருடம் தாங்களே வருவதாக எழுதினார்கள்.

பெரிய துரை சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: வேலை நேரத்தில் ஒரு பெண் மலையை விட்டு இறங்கினாலும் எனக்கு வேலை கிடையாது. (அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். துரை சிரித்தால்தான் எனக்கு அதிகம் பயம்.)

அதனால் வரவேற்பைச் சாயந்தரம், கொழுந்தை எடைபோட்டு முடிந்த பிறகு வைத்தேன். தினமும் விடியலில் தப்படித்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சின்னையாவிடம், வேன் வளைவில் தலை காட்டியதும் அடித்துவிடு என்று சொல்லிவைத்தேன். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.

வேன் காலை பத்து மணிக்கு வந்தது. சின்னையா சொன்ன சொல் தவறாதவன்.

தோட்டத்தில் வேளை கெட்ட வேளையில் தப்புச் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான்: கீழே யாரோ போய்விட்டார்கள். மலையில் பறித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன. அவர்கள் பிள்ளைகள் எல்லாம் கீழே பிள்ளைக் காம்பராவில், ஆயாவின் பொறுப்பில். மாரியாயி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மலையில் அவள் பேச்சுக்குத்தான் மதிப்பு, துரைக்கு இரண்டாமிடம்.

“கணக்கப்புள்ள, யாருக்கு என்னா?”

“ஒண்ணுமில்ல. யாரும் போகாதீங்க” என்றேன். என் குரல் நடுங்கிய நடுக்கத்தில், போனது சின்ன உயிர்தான் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. கூடைகளோடு ஓடினார்கள். மறிப்பதற்காக நான் அவர்களுக்கு முன்னால் ஓடினேன். (தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் தலைமை தாங்கி அழைத்து வருவது போல இருந்ததாம்.)

கீழே ஆறு வெள்ளைக்காரர்கள். அவர்களுடைய தலைவி உயரமான, வயதான அம்மா. ஒரு மலையே அழுதுகொண்டு தன்னை நோக்கி இறங்கி வருவதைப் பார்த்து அந்த அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் விரித்தார். அதைக் கண்ட மாரியாயி அக்கா, “பாவம், கப்பலேறி வந்த எடத்துல யாரையோ பறிகுடுத்துட்டு நிக்குது” என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்கள் வட்டமாகக் குந்தி மாரில் அடித்துக்கொண்டார்கள்.

என்ன பாடுகிறார்கள் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். வரவேற்புப் பாட்டு என்றேன். இன்னொரு தரம் பாடுவார்களா என்றார்.

அதற்குள் ஆயா இடுப்பில் ஒரு பிள்ளையோடு வெளியே வந்தாள். “புள்ளைக எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இந்த அழுக?”

சத்தம் நின்றது. எல்லாக் கண்ணும் என் மேல்.

“அப்ப யாரு செத்தது?” என்றாள் மாரியாயி அக்கா.

“யாரும் சாகலக்கா.”

“ஆளில்லாம ஒப்பாரி வச்சா அது ஆளு தேடிக்கிட்டு அலையும்டா. புள்ளைக இருக்கற எடம்.” அவள் முகத்தில் நிஜமான பயம். “கெளப்பிவிட்டவன் தலையில தண்ணி ஊத்தி இங்கேயே முடிச்சிருவோம். இல்லாட்டி ஒருத்தியும் மலைக்குப் போகமாட்டா.”

மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகக் கொட்டும் பீலித் தண்ணீர் பனியாக இருக்கும். மறுக்கத்தான் வாயெடுத்தேன். வளைவில் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. தண்ணீருக்கு அடியில் இருப்பதே பத்திரம் என்று நானே போய்ப் பீலியடியில் குந்திக்கொண்டேன்.

முதல் குடம் விழுந்ததும் வெள்ளைக்கார ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டாவது குடத்துக்குக் கீர்த்தனை ஆரம்பித்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதென்று, வந்தவர்களோடு நின்ற அப்பா சொல்லப் பார்த்தார். ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அது வெளியே வரவில்லை.

துரை இறங்கியதும் அந்த அம்மா ஓடிப்போய் நன்றி சொன்னார். வேலை நாளில் இத்தனை பேரையும் அனுப்பிவைத்ததற்கு, இப்படி ஒரு புனிதமான காரியத்துக்கு இடம் கொடுத்ததற்கு. துரை என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க இங்கிலீசில் ஏதோ தயார் செய்தேன், பல் மட்டும் பேசியது. தனக்கும் சந்தோஷம் என்று துரை அந்த அம்மாவிடம் சொல்லவேண்டியதாயிற்று. பிறகு என் பக்கம் குனிந்தார்.

“நாளைக்கு வேலைக்கு வா. காஞ்சதும் வா.”

பெண்களுக்கும் அன்றைய சம்பளத்தில் பிடித்தம் இல்லை.

அன்று எடுத்த படத்தைச் சீமைச் சபையார் தங்கள் பத்திரிகையில் போட்டு, ஒரு பிரதி அனுப்பினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நான். கீழே, தோட்டத்தில் மனந்திரும்பிய வாலிபன் என்று எழுதியிருந்தது. அப்பா அதை யாருக்கும் காட்டவில்லை. காட்டுவது என் மனைவிதான். அவள் மாரியாயி அக்காவின் மகள். உபதேசியார் மகனும் மாரியம்மன் கோயிலில் தீ மிதித்தவளும் கட்டிக்கொண்டால், யார் யாருக்காக மதம் மாறினார்கள் என்று கேட்க ஊரில் ஆளா இல்லை? கேட்டவர்களுக்கு இன்றைக்கும் அந்தப் படத்தை எடுத்துவந்து நீட்டுகிறாள்.

“இந்தா, கொடம் புடிச்சிருக்கறது என் கை. அடியில நனையறது யாருன்னு நீங்களே பாத்துக்கங்க.”