மங்கல் மாமு பார்த்த படம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள சினிமா ரசிகர்களில், கதை என்னவென்றே தெரியாமல் நூறு படம் பார்த்தவர் மங்கல் மாமு ஒருவர்தான். நாமெல்லாம் படம் பார்க்கப் போவோம். அவர், படம் தெரிகிறதா என்று பார்க்கப் போவார்.

துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் எழுதுகிற வேலை அவருக்கு. ஓடுகிற டிரெய்லரில், தூசியும் துருவும் மூடிய நம்பரை டீ குடித்துக்கொண்டே படித்துவிடுவார். நான் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தா. நம்பர் சரிபார்க்கப் போன இடத்தில் பழக்கமாகி, ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குத் துணையாகிவிட்டேன். அவருடைய நிஜப் பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எந்தத் தியேட்டருக்குப் போனாலும், "படம் மங்கலா கீதுபா" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சீட்டில் உட்கார்ந்ததும் பின்பக்கம் திரும்புவார். ஒளி வருகிற அந்தச் சின்ன ஜன்னலை, பஸ்ஸில் பிக்பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் முறைப்பார். அடுத்தது சென்சார் சர்டிபிகேட். அதிலிருக்கும் பொடி எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் எழுந்து நின்றுவிடுவார்.

"சர்டிபிகேட்டே தெர்ல. படம் இன்னாத்துக்கு ஓட்டிகினு கீறானுங்க?"

பின்வரிசையில் யாராவது "உக்காருய்யா" என்றால் அந்த ஆள்மேலும் சந்தேகம் வந்துவிடும். "இவன் தியேட்டர் ஆளு நைனா. மொதலாளி உக்கார வெச்சு கீறான்" என்று என் காதைக் கடிப்பார்.

பிலிம் காலத்திலேயே ஆள் இப்படித்தானாம். பல ஊர் ஓடித் தேய்ந்த பிரிண்ட் எங்கள் பக்கம் வரும்போது, வெயில் காட்சியிலும் திரையில் கோடு கோடாக மழை கொட்டும். டிஜிட்டல் வந்ததும் ஊரே சந்தோஷப்பட்டது. மாமு மட்டும் படவில்லை.

"மழை நின்னு போச்சு, இப்போ பனி இறங்கி கீது. விளக்கைக் கொறைச்சு ஓட்டுறானுங்க."

எனக்கோ அவர் கண்மேல்தான் சந்தேகம். ஏதோ சாக்குச் சொல்லி, பெரம்பூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். டாக்டர் "சபாஷ்" என்றார். மாமு எழுந்துபோய்ப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டர், கடைசி வரி பிரிண்ட் சரியில்ல. மை பரவி கீது. யாரு உங்களை ஏமாத்துனது?"

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், நான் கூட்டி வந்தது தப்பான டாக்டரிடம் என்று தெரிந்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தியேட்டர். ஞாயிறு மதியக் காட்சி. கதாநாயகி அழுகிறாள், கண்ணீர் தெரியவில்லை என்று மாமு எழுந்து கத்தினார். மேனேஜர் வந்தார். அவருடைய பொறுமை முந்தின ஞாயிறே தீர்ந்து போயிருந்தது.

"யோவ், வாரா வாரம் பேஜாரு பண்ணிகினு கீற. மேல வந்து நீயே பாரு. தப்பு இல்லன்னா, இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

பால்கனியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வட்டாரத்தில் அவரை உள்ளே விடுகிற தியேட்டர் அது ஒன்றுதான் மிச்சம்.

மேலே புரொஜெக்டர் ரூமில் ஆபரேட்டர் மெஷினைக் காட்டினார். ஃபோகஸ் சரி. விளக்கு சரி. ஒளி வெளியே போகிற ஜன்னல் கண்ணாடியும் பளபளவென்று இருந்தது. "டெய்லி தொடைக்கிறேன் சார்" என்றார் அவர், கொஞ்சம் ரோஷமாக. மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டார். நான் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

மாமு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் தொடைக்கிற. அந்தப் பக்கம்?"

"அது... ஹால் பக்கம் சார். ஏணி போடணும்."

மாமு கீழே ஓடினார். பால்கனியின் கடைசி வரிசை நாற்காலிமேல் ஏறி, கைக்குட்டையோடு கையை உயர்த்தினார். திரை முழுக்க ஒரு பூதத்தின் நிழல், இன்னும் அழுது முடிக்காத கதாநாயகியை அழுத்தித் தேய்த்தது. ஜனங்கள் "டேய்!" என்று அலறினார்கள். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் நிற்பவர் யாரென்றே தெரியாத முகத்தோடு நின்றேன்.

கை விலகியது. கதாநாயகியின் கன்னத்தில் கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது. அடித்தார்கள் பாருங்கள் விசில்! அழுகைக் காட்சிக்கு விசிலடித்த கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன். கைக்குட்டை, எங்கள் பக்கக் காற்றில் வரும் அனல்மின் நிலையச் சாம்பலும் பாப்கார்ன் எண்ணெயுமாகக் கரேலென்று இருந்தது. மேனேஜர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உக்காருங்க சார்" என்றார்.

மாமு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் படத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"நைனா, ஹீரோவுக்கு விக்கு ஒட்டுன எடம் தெரியுது. மேக்கப்காரன் ஏமாத்தி கீறான்."

இப்போது மாமு, எண்ணூரைத் தாண்டி வள்ளூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பார்க்கிற படத்தின் இடைவேளையில் அவர் போன் தவறாமல் வரும்.

"எப்டி கீது?"

கதையைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"பளிச்சுனு கீது மாமு."

"சத்தியமா?"

"சத்தியமா."

பாதி ஞாயிறுகளில் அது பொய். நிஜத்தைச் சொன்னால், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார்.