கம்ப்யூட்டர் சாமியின் வெள்ளிக்கிழமை பூசை

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் வரிசை நின்றுவிடும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. சிலர் அதைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல் இடுப்பில் வைத்திருப்பார்கள். சிலர் ஆட்டோவில் ஏற்றி, தூறல் படாமல் குடை பிடித்து அழைத்து வருவார்கள். வீட்டில் நோயாளி இருந்தால்கூட இத்தனை கவனிப்புக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சந்தின் கோடியில் கம்ப்யூட்டர் சாமி இருந்தார். பெட்டியைத் தொட்டுக் கண்ணை மூடுவார். "கண்ணூறு பட்டிருக்கு" என்பார். எந்தப் பெட்டிக்கும் அதே நோய்தான். பிறகு பெட்டி சிவப்புத் திரைக்குப் பின்னால் போகும். மணி அடிக்கும், சாம்பிராணி புகையும். திரையை விலக்கிப் பார்த்தால் மெஷின் வெடித்துவிடும் என்று எச்சரிக்கை வேறு. திரும்பி வரும் பெட்டியின் நெற்றியில் திருநீறு இருக்கும். மெஷினும் பறக்கும் வேகத்தில் ஓடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணினிப் பாடம் நடத்தும் குகநேசன் மாஸ்டரும் வரிசையில் நின்றார். "பாடம் வேற, பக்தி வேற கண்டியளோ" என்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னார்.

அவருக்குப் பின்னால் நின்ற சின்னராசா, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்து ஹட்டனில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தவர். கல்யாணப் படங்களை அவர் எடுப்பார். தங்கை சுதர்ஷினி கம்ப்யூட்டரில் திருத்தி அல்பம் ஆக்குவாள். புதுக் கெமரா வந்ததிலிருந்து பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. ஒரு படத்தைத் திறந்தால் முதலில் மாப்பிள்ளை வருவார். பெண் வந்து சேர்வதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம்.

"மெமரி பத்தலண்ணே. படம் பெருசு, மெஷின் பழசு" என்று சுதர்ஷினி சொல்லிப் பார்த்தாள். சின்னராசா கேட்கவில்லை. சாமியிடம்தான் போனார். திரும்பி வந்த மெஷினில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்றாகவே வந்து நின்றார்கள். சின்னராசா மெஷினுக்குக் கற்பூரம் காட்டினார்.

எதிர்க்கடை ஸ்டூடியோ வினோஜன் அவருடைய சிநேகிதன். அடுத்த வெள்ளிக்கிழமை அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுடையது பறந்தது. வாராவாரம் பூசை வேண்டும் என்று சாமி சொல்லியிருந்ததால் அன்றே சின்னராசாவும் தன் மெஷினை மறுபடி கொண்டுபோனார்; அது படுத்துவிட்டது.

சாமி கண்ணை மூடினார். "எதிர்த்தாப்புல ஒரு கடை தெரியுது. அங்கேருந்துதான் கண்ணு வருது."

மறுவாரம் சின்னராசாவுடையது எழுந்தது; வினோஜனுடையது படுத்தது. அவனுக்காகக் கண்ணை மூடியபோதும் சாமிக்கு ஓர் எதிர்க்கடைதான் தெரிந்தது. ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பாவித்த இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வினோஜன் வாசலில் பூசணிக்காய் கட்டினான். சின்னராசா அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டினார்.

இந்தப் பூசணிப் போரின் நடுவே கொத்மலையிலிருந்து மீனம்மா வந்தார். அவர் மகளின் கல்யாண அல்பம் பாதியில் நின்றிருந்தது.

"தம்பி, புள்ள அடுத்த கிழமை வெளிநாடு போறா. அவ கையில குடுத்து அனுப்பணும். திரும்பி எப்ப வருவாளோ தெரியாது."

"இந்த வெள்ளிக்கிழமை பூசை முடியட்டுங்கக்கா. பாதியில நின்ன வேலையை அதுக்கு முந்தித் தொடக்கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காரு" என்றார் சின்னராசா. மீனம்மா முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மீனம்மா போனதும் சுதர்ஷினி அண்ணன் பக்கம் திரும்பினாள். "நம்மளது ஓடுற வாரம் அவங்களது படுக்குது. அவங்களது ஓடுனா நம்மளது படுக்குது. இது என்னண்ணே, முறை வச்சு வேலைக்கு வர்ற கண்ணூறா?"

"சாமி காரியத்துல வாய வைக்காத."

"வாய வைக்கல. கியூடெக்ஸ்தான் வைக்கப் போறேன்."

மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. அவள் பெட்டியைத் திறந்தாள். டார்ச் பிடித்த சின்னராசா இரண்டடி தள்ளி நின்றார். வெடிக்கவில்லை. உள்ளே விரல் நீளத்தில் ரேம் தகடுகள் செருகியிருந்தன. ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையை மெஷின் தூக்கிப் பிடிக்கும் என்பது அவற்றின் கையில்தான் இருக்கிறது.

"வாங்கினப்ப ரெண்டுதான் இருந்துச்சு. இப்ப மூணு இருக்கு. இது யாரு வீட்டுதுண்ணே?"

மூன்றின் ஓரத்திலும் கியூடெக்ஸ் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து அவள் பெட்டியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு கடைப் பெட்டிகளும் திரைக்குள் போய் வந்தன. சுதர்ஷினி வரிசைக்கு முன்னாலேயே தங்கள் பெட்டியைத் திறந்தாள்.

"சாமி, மூணு தகடு இருந்துச்சு. ரெண்டைக் காணோம்."

"கண்ணூறு தின்னிருக்கும்மா."

"அப்ப அங்க போய்த் துப்பியிருக்கான்னு பாத்துருவோம். வினோஜண்ணே, உங்க பெட்டியைத் தாறீங்களா?"

வினோஜன் சின்னராசாவைப் பார்த்தான். பல நாளுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பெட்டியை நீட்டினான். உள்ளே சிவப்புப் பொட்டு வைத்த தகடுகள் இரண்டும் லட்சணமாக உட்கார்ந்திருந்தன.

குகநேசன் மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்து எட்டிப் பார்த்தார். "இது ரேம் எல்லோ" என்றார், தானே கண்டுபிடித்தவர் போல.

"இது தெரிஞ்சுமா சார் வரிசையில நின்னீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாஸ்டர் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்.

சின்னராசா திரையைப் பிடித்து இழுத்தார். உள்ளே தெய்வம் இல்லை. ஒரு மேசையும் ஸ்குரூ டிரைவரும் கழற்றிய தகடுகளும் கிடந்தன. புதிதாக வருகிறவனுக்குப் பழையவனுடையதைச் செருகுவது, பழையவன் கேட்டால் எதிரியைக் காட்டுவது, அவ்வளவுதான் மந்திரம்.

"எல்லாம் மத்தவங்க பொருளு. ஏன்யா இப்பிடிச் செஞ்ச?" என்றார் சின்னராசா.

மதுரன் என்ற சொந்தப் பெயருக்குத் திரும்பிய சாமி தலையைக் குனிந்தான். "கினிகத்தேனையில ரிப்பேர் கடை வச்சிருந்தேங்க. மெமரி பத்தல, வாங்கிப் போடுங்கன்னு சொன்னேன். ஏமாத்துறான்னு எந்திரிச்சுப் போனாங்க. திருநீறு பூசிக் கண்ணூறுன்னேன். நீங்களே வந்து நின்னீங்க."

அடிக்க ஓங்கிய கைகள் ஏனோ பாதியில் இறங்கிவிட்டன. அவனை உட்காரவைத்து, அவரவர் தகட்டை அவரவர் பெட்டிக்கு மாட்டவைத்தார்கள். அதன்பின் அவனை அந்தச் சந்தில் யாரும் பார்க்கவில்லை.

சின்னராசாவும் வினோஜனும் சேர்ந்தே கடைக்குப் போய் ரேம் வாங்கினார்கள். இரண்டு கடை மெஷினிலும் வேலை நடந்தது. மீனம்மாவின் மகள் அல்பத்தோடுதான் விமானம் ஏறினாள்.

நன்றி சொல்ல வந்த மீனம்மா போகும்போது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நானுஓயாவுல ஒருத்தர் எலுமிச்சம்பழம் சுத்திப் போனுக்கு சிக்னல் வர வைக்கிறாராமே. போய்ப் பாக்கட்டுமா?"

"போங்கக்கா. போனை மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போங்க" என்றார் சின்னராசா.

நானுஓயாவில் வரிசை நீள்கிறது என்று கேள்வி. மலையில் குளிர் அதிகம்தான்; தலைக்குக் குல்லாப் போடத்தான் வேண்டும். ஆனால் கண்டவன் வந்து குல்லாப் போட்டுவிட்டுப் போவதற்காகவா கழுத்துக்கு மேல் தலையைச் சுமந்துகொண்டு திரிகிறோம்? கொஞ்சம் யோசிக்கவும் அது உதவும். ஒருமுறை பாவித்துப் பாருங்கள்.