கம்பெனிப் பலகையில் வெல்டர்

தெருமுனையில் சுரங்கக் கம்பெனி வைத்திருந்த விளம்பரப் பலகையில் வெல்டர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அதே வெல்டர் சிரிப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

'சுரங்கமும் மக்களும் ஒரே குடும்பம்' என்று முகத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது.

"இது எத்தனை நாளா நடக்குது?" என்றார் மளிகைக்கடைக்காரர். சுரங்க எதிர்ப்புக் குழுவின் தலைவர் அவர்தான்.

"அண்ணே, அது சிரிப்பு இல்ல. கம்பெனி கூட்டத்துல எழுந்து 'ஒழிக'ன்னு கத்தினேன்ல, அப்ப எடுத்திருக்காங்க."

"கத்துற வாய் இவ்வளவு லட்சணமாவா இருக்கும்?" என்றார் தையல்காரர். வெல்டருக்குச் சொந்த மச்சான், மனைவியின் அண்ணன்.

பலகையை எடுக்கச் சொல்ல வெல்டர் நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். மக்கள் தொடர்பு மேடம் ஏசி அறையில் உட்காரவைத்து, ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். வெல்டருக்கு அது வீட்டில்கூடக் கிடைக்காத மரியாதை. அந்தக் கிறக்கத்தில், கிளம்பும்போது நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

இரண்டாவது பலகை வந்தது. 'உங்கள் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்கிறோம்.'

குழுக் கூட்டத்துக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார் தலைவர், உத்தரத்தைப் பார்த்தபடி.

"ஏசி ரூமாமே மாப்ள," என்றார் மச்சான்.

இனி பேசிப் பயனில்லை என்று வெல்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு பலகையிலிருந்த படத்தைக் கிழிக்கப் போனார். ஏணி சறுக்கியது. விழுந்தவரை முதலில் ஓடிவந்து தூக்கியது கம்பெனியின் இலவச மருத்துவ வண்டிதான்.

மூன்றாவது பலகையில் அவர் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தார். 'உங்கள் நலமே எங்கள் நலம்.'

"மூணுல இதுலதான் நல்லா இருக்கீங்க," என்றாள் மனைவி. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "என்கிட்டயாவது சொல்லுங்க, என்னதான் குடுத்தாங்க?" என்றாள்.

"காலை உடைச்சுக் குடுத்தாங்க."

அவள் நம்பவில்லை.

அன்று சாயங்காலமே குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தது மச்சான். கை தூக்காதவர் ஒருவருமில்லை. 'துரோகி' என்ற சொல்லை மட்டும் தலைவர் கொஞ்சம் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இத்தனை வருஷம் கூடவே நின்று கத்திய மனிதர்கள்.

நொண்டிக்கொண்டே ஸ்டுடியோவுக்குப் போனார். கம்பெனிக்குப் படம் எடுக்கும் போட்டோக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இந்த ஊர்ல உனக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா? எங்க குழுவுலயே எத்தனை பேர் இருக்காங்க, என்னையே ஏன் துரத்துற?"

போட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் என்னண்ணே பண்றது? உங்க குழுவுல மத்தவங்க எல்லாரும் கம்பெனியில வீட்டுக்கு ஒரு வேலை வாங்கினப்பவே, தங்களோட மூஞ்சி வெளியில தெரியக் கூடாதுன்னு கம்பெனிகிட்ட கண்டிஷன் போட்டுட்டாங்க. எதுவுமே வாங்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்."