பெட்டியில் எழுதியிருந்த பெயர்

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது ரூவா, கதிராமன் மாமா."

கல்லாவில் இருந்த றிஷானா கடன் கொப்பியைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கும் அவளுடைய வாப்பாவின் தேத்தண்ணிக் கடையில், ராசா ஆர் என்ற சண்டை அந்த நொடியில்தான் மூச்சு வாங்க நின்றிருந்தது. இருபது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

கையிலிருந்த பாதி தின்ற ரோல்ஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார் கதிராமன். வயது ஐம்பத்தொன்று. முப்பது வருசமாகத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற தோள். எத்தனை மூட்டையும் சுமக்கலாம். இருபது பேருடைய பார்வையைச் சுமக்க ஏலாமல் இருந்தது.

சண்டை இதுதான். வருசத்தில் ஒருநாள் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு இசை நாடகத்தை மேடையிலிருந்து நேரடியாகக் காட்டுவார்கள். இந்த முறை மேடை திருகோணமலைக் கடற்கரையிலேயே. நாடகம் 'கடல் கொண்ட கிரீடம்'. ஆருக்கு எந்த வேசம் என்பதைத் திரை விலகும்வரை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்லாததை ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்டோக்கார றமேஸுக்கு ராசா கிருஷாந்த்தான். மீன் வள்ளங்களுக்கு ஐஸ் விற்கும் முஹம்மது தம்பிக்கு அஷ்பாக்தான். இரண்டு பேரும் பாடி ஊர் கேட்டிருக்கிறது.

"மாமாவுக்கு ஆர் ராசா? கடனுக்கு ரோல்ஸ் குடுக்கிறவரோ?" என்றான் றமேஸ்.

கடை சிரித்தது. கதிராமனின் காது சுட்டது. அந்தச் சூட்டில்தான் வாய் திறந்தது.

"கிருஷாந்த்தும் இல்லை, அஷ்பாக்கும் இல்லை. ராசா ரஜீவன்."

"ஆர் ரஜீவன்?"

"நேற்று லொறியில வந்த உடுப்புப் பெட்டி ஏழையும் இறக்கினது நான். கிரீடம் வைச்ச பெட்டியில ரஜீவன் எண்டு எழுதிக் கிடந்தது. நானே வாசிச்சனான்."

கடைசி இரண்டு சொல்லையும் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். தொழிற்சங்கம் நடத்திய மாலை வகுப்பில் நாற்பத்தெட்டாவது வயதில் அ எழுதியவர். அதற்குப் பிறகு முதுகில் ஏறுகிற எந்தப் பெட்டியையும் அவர் வாசிக்காமல் விட்டதில்லை. துறைமுகத்தில் பெட்டியில் ஒரு பெயர் இருந்தால் பெட்டி அந்த ஆளுக்குத்தான் போகும். கிரீடப் பெட்டி ரஜீவனுக்கென்றால் கிரீடம் ரஜீவனுக்கு. இதில் என்ன கேள்வி?

கடை முதலாளி ஸஹாப்தீன் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் அவரையே பார்த்தார்.

"றிஷானா, கொப்பிய மூடு. கதிராமன் அண்ணனுக்கு ஒரு பிளேன்டீ. காசு வேணாம்."

அதோடு ஒரு பிளாஸ்க்கையும் நீட்டினார். "வீட்டில ஒரு ஆளுக்குத் தொண்டை சரியில்ல. போற வழியில இந்தக் கொத்தமல்லித் தண்ணியப் பின்வாசல்ல குடுத்துட்டுப் போங்க அண்ணன்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. கதிராமன் கதவைத் தட்டினார். இடுக்கால் ஒரு கை வந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டது. சொல் ஒன்றும் வரவில்லை. தொண்டை நோகும் ஆளாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

நாடகத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அன்றிலிருந்து பிளாஸ்க் தூக்குவது அவருடைய நாளாந்த வேலையாகிவிட்டது. கொப்பியும் திறக்கப்படவில்லை.

மறுநாள் கடையில் இருக்கக் கதிரை போதவில்லை.

"மாமா, போனில தேடினனான். ரஜீவன் எண்டு ஒரு பாட்டுக்காரனும் இல்லை," என்றான் றமேஸ்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஸஹாப்தீன் வேறு, எல்லோருக்கும் கேட்க, "எங்கட கதிராமன் அண்ணனுக்குத் தெரியாமலா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"போனில எப்பிடி வரும்?" என்றார் கதிராமன். "படம் எடுக்க விடாத ஆள். ஊர் வெருகல் பக்கம். ஆறடி. ஒருத்தரோடயும் கதையாது."

பொய் எவ்வளவு லேசாக இருக்கிறதென்று அவருக்கே வியப்பாக இருந்தது. படம் இல்லாத ராசா என்றதும் சனத்துக்குப் பைத்தியம் பிடித்தது. கிருஷாந்த் கட்சியிலிருந்து ஆறு பேர் ரஜீவன் கட்சிக்குத் தாவினார்கள்.

நாலாம் நாள் முஹம்மது தம்பி, கூடப்பிறந்த அண்ணனைப் பிடிப்பதுபோல, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "காக்கா, உண்மையச் சொல்லுங்க. அவர்ர குரல் எப்படி?"

"பாட்டுப் பழகேக்க ஒருக்கா கேட்டனான்."

"அப்ப ஒரு வரி பாடிக் காட்டுங்க."

கதிராமன் துவாயால் முகத்தைத் துடைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டு ஈச்சிலம்பற்றில் சின்ன வயதில் கேட்ட அம்பா, கரைவலை இழுப்பவர்கள் பாடுவது. அதை வேகம் குறைத்து, சொல்லை விழுங்கி, கண்ணை மூடி முனகினார். கண்ணைத் திறந்தபோது முஹம்மது தம்பி அழுதுகொண்டிருந்தார். றமேஸ் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

விடிந்தபோது அது வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி முடித்திருந்தது. 'ராசாவின் பாட்டு கசிந்தது!' கிரேன் ஓட்டுகிறவன்கூட அதைத்தான் முனகினான். "உது வலை இழுக்கிற பாட்டெல்லோ?" என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "உங்களுக்கு சங்கீதம் தெரியாது ஐயா" என்று நாலு பேர் பாய்ந்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பார். பன்னிரண்டாம் நாள் கடை வாசலில் ஒரு பேனர் ஏறியது. நடுவில் முகம் வெறுமையாக விட்டு, மேலே ஒரு கிரீடம். முஹம்மது தம்பி ஐஸ் விற்ற காசில் நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து அடித்தது.

"நீங்களே வாசிங்க காக்கா!" என்று முன்னே தள்ளினார்.

கதிராமன் வாசித்தார். 'ரஜீவன் ரசிகர் மன்றம், துறைமுகக் கிளை. தலைவர்: கதிராமன்.'

தன்னுடைய பெயரை அச்சில் அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. மாலை வகுப்பில் இருந்த காலத்தில் இப்படியொரு நாளை ஆசையாக நினைத்ததுண்டு. இப்போது அந்த ஐந்து எழுத்தையும் தோளிலிருந்த துவாயால் மூட வேண்டும் போலிருந்தது.

அன்று பின்னேரமே பெட்டிகள் அடுக்கிய களஞ்சியத்துக்குப் போனார். உடுப்புகளுக்குப் பொறுப்பாக ஷாமிலா என்றொரு பெண் இருந்தாள்.

"பிள்ளை, ரஜீவன் எண்டவர் எப்ப வருவார்?"

"அவர் வந்து போயிட்டாரே. எதுக்கு?"

"அவர்தானே ராசா?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "பெட்டி அடிச்ச தச்சன் ஐயா அவர். வேற ஆக்கள் தூக்கிட்டுப் போயிடுவாங்க எண்டு, தான் அடிச்ச பெட்டியில பேர் எழுதி வைப்பார்."

கதிராமன் வந்த வழியே நடந்தார். முப்பது வருசம் பெட்டி சுமந்திருக்கிறார். பெட்டியைச் செய்தவனுக்கும் ஒரு பெயர் இருக்குமென்று ஒருநாளாவது நினைக்கவில்லையே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

நேரே கடைக்குப் போய் ஸஹாப்தீனைப் பிடித்தார். "முதலாளி, ஒரு விசயம் சொல்ல வேணும். அந்த ரஜீவன்..."

"உஷ்! சனம் நிறைஞ்சு கிடக்கு. நாடகம் முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம். இந்தாங்க, பிளாஸ்க்."

மற்ற நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே பிளாஸ்க்.

நாடகத்தன்று மாலை ஆறு மணிக்கு, கடற்கரையில் இடம் கிடைக்காதவர்களெல்லாம் கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நெருக்கியடித்து இருந்தார்கள். தலைவர் என்று கதிராமனுக்கு முன்வரிசையில் கதிரை. அருகில் முஹம்மது தம்பி, கையில் பட்டாசு. ஸஹாப்தீனை மட்டும் காணவில்லை.

திரை விலகியது. தாடியும் முகம் நிறையச் சாயமுமாக ராசா வந்தார். ஆறடி இல்லை. வாய் திறந்தார், கடலே எழும்பி வந்து பாடியது போலிருந்தது. அறிவிப்பாளர் சொன்னார்: "கடல் ராசாவாக, மூதூர் முனீப்!"

பட்டாசு முஹம்மது தம்பியின் மடிக்கு இறங்கியது.

கடைசியில் பெயர்கள் மேலே ஓடின. கதிராமன் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார். 'பெட்டிகள், தச்சுவேலை: ரஜீவன்.'

"தலைவர்," என்றான் றமேஸ், "உங்கட ராசா இன்னும் பெட்டியை விட்டு வெளியில வரேல்லையோ?"

அந்தச் சிரிப்பு வீட்டு வாசல்வரை அவரைத் துரத்திக்கொண்டு வந்தது.

காலையில் வேலைத் தலைவனிடம் முற்பணம் வாங்கினார். முதலில் ஐஸ் கடைக்குப் போய் முஹம்மது தம்பியிடம் நாலாயிரத்து ஐந்நூற்றை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "பாட்டு நல்லாத்தானே காக்கா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பிறகு தேத்தண்ணிக் கடை. காசைக் கல்லாவில் வைத்தார்.

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது. எண்ணிப் பாருங்கோ முதலாளி. நான் பொய்யன். இனி உங்கட வாசல் மிதிக்கமாட்டன்."

ஸஹாப்தீன் நிமிரவேயில்லை. ஏற்கெனவே காய்ந்திருந்த கிளாஸைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். அவருடைய காதும் சிவந்திருந்தது.

"காச எடுங்க அண்ணன். கணக்குத் தீர்ந்து போச்சு."

"எப்பிடித் தீரும்? நான் ஒரு சதமும் கட்டேல்லையே!"

றிஷானா கொப்பியை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய கணக்கின் மேல் சிவப்புக் கோடு. கீழே ஒரு வரி. கதிராமன் விரல் வைத்து வாசித்தார். 'பத்தொன்பது நடை, நடைக்கு முந்நூற்று அறுபது. முடிந்தது.'

"இதென்ன நடை, பிள்ளை?"

றிஷானா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா கிளாஸைப் பார்த்தார்.

"கொத்தமல்லித் தண்ணி சுமந்த கூலி, மாமா. ஊர் ரஜீவனத் தேடின பத்தொன்பது நாளும் வாப்பாட தம்பி முனீப் சாச்சா எங்கட பின்வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்துதான் பாட்டுப் பழகினவர்."